படத்தின் ஓரத்தை டிவி ஏன் வெட்டுகிறது?

மகன் கல்யாண வீடியோவைத் தானே தொகுத்து டிவிடி போட்ட வாசகர் ஒருவர் கேட்கிறார்: "கணினியில் படம் முழுசாகத் தெரிகிறது. டிவியில் போட்டால் கீழே ஓடும் பெயர்களில் பாதி இல்லை, ஓரத்தில் நிற்கும் சித்தப்பாவும் இல்லை. தட்டில் கோளாறா, பிளேயரில் கோளாறா?"

இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. டிவி வேண்டுமென்றே வெட்டுகிறது. இதற்கு ஓவர்ஸ்கேன் என்று பெயர். ஆனால் மேலும் கீழும் மட்டும் வெட்டுப்பட்டு, பக்கவாட்டில் எல்லாம் சரியாக இருந்தால் அது வேறு சங்கதி. 4:3 படத்தை (அகலம் 4 பங்கு, உயரம் 3 பங்கு) அகலமான 16:9 திரை நிரம்பும்படி ஜூம் செய்து வைத்திருக்கிறீர்கள்; உயரத்தில் கால் பங்கு போய்விடும். ரிமோட்டில் 4:3 என்று மாற்றினால் தீர்ந்தது.

ஓவர்ஸ்கேனின் வேர் பழைய பெட்டி டிவியின் பிக்சர் டியூபில் இருக்கிறது. பின்னால் எலெக்ட்ரான் துப்பாக்கி, முன்னால் எலெக்ட்ரான் பட்டால் ஒளிரும் பாஸ்பர் பூசிய கண்ணாடி, கழுத்தைச் சுற்றிக் கம்பிச்சுருள். சுருளின் காந்தப்புலம் எலெக்ட்ரான் கற்றையை வளைத்து வளைத்துத் திரையில் வரி வரியாக எழுதும். நம்மூர் டிவியின் பால் (PAL) ஒளிபரப்பு முறையில் 625 வரிகள், படம் இருப்பது 576இல். இதெல்லாம் தெரிந்த கதை.

கற்றை எவ்வளவு வளையும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. காந்தத்தின் வலு ஒரு பக்கம், எலெக்ட்ரானின் வேகம் இன்னொரு பக்கம். அந்த வேகத்தைக் கொடுப்பது, கலர் டிவியில் சுமார் 25,000 வோல்ட். மெக்கானிக்குகள் 'இஎச்டி (EHT) போயிடுச்சு' என்பார்களே, டிவிக்குள் இருக்கும் அந்த உயர் வோல்ட்டேஜ் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வருவது. திரை முழுக்க வெள்ளை வேட்டிக் கூட்டம் வருகிறது என்று வையுங்கள். பளிச்சென்று காட்ட நிறைய எலெக்ட்ரான்கள் பாய வேண்டும். அவ்வளவு மின்னோட்டத்தைத் தரும்போது இஎச்டியின் வோல்ட்டேஜ் சற்றுத் தளர்கிறது, எலெக்ட்ரான்களின் வேகம் குறைகிறது. மெதுவாகப் போகும் எலெக்ட்ரான் காந்தப்புலத்தில் கூடுதல் நேரம் மாட்டிக்கொண்டு கூடுதலாக வளைகிறது. விளைவு, படம் பெரிதாகிறது! வோல்ட்டேஜ் 4 சதவீதம் இறங்கினால் படம் ஏறக்குறைய 2 சதவீதம் விரியும். இருட்டுக் காட்சி வந்ததும் பழையபடி சுருங்கும். படம் மூச்சு விடுவது போல இருக்கும்.

'வோல்ட்டேஜ் இறங்கினால் படம் சுருங்கத்தானே செய்யும்?' என்று ஸ்டெபிலைசர் காலத்து ஆட்கள் கேட்பார்கள். சாயங்காலம் வீட்டு மின்சாரம் இறங்கியதும் நாலு பக்கமும் கறுப்பு விழுந்ததைப் பார்த்தவர்கள் அவர்கள். அங்கே இஎச்டியோடு சுருளுக்குப் போகும் மின்னோட்டமும் சேர்ந்து குறைந்தது. வேகம் தளர்ந்தால் படம் விரியும், காந்தம் தளர்ந்தால் சுருங்கும், இரண்டும் ஒரே அளவு தளர்ந்தால் காந்தம்தான் ஜெயிக்கும். பன்னிரண்டாம் வகுப்பில் காந்தப்புலத்தில் எலெக்ட்ரான் வளைவதற்குக் கணக்குப் போட வைத்தார்கள். அதே கணக்கு வீட்டு ஹாலில் தினமும் நடந்துகொண்டிருந்ததை எந்த வாத்தியாரும் சொல்லவில்லை என்பதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

ஆக, ஓரம் ஒரு இடத்தில் நிற்காது. அதனால் ஆடுகிற ஓரம் சட்டத்துக்கு வெளியே விழும்படி, படத்தைக் கொஞ்சம் பெரிதாகவே எழுதவிட்டார்கள். ஒளிபரப்புக்காரர்களும் முக்கியமான அசைவுகளைத் திரையின் நடு 90 சதவீதத்துக்குள்ளும், எழுத்துகளை 80 சதவீதத்துக்குள்ளும் வைத்துக்கொண்டார்கள்.

எல்சிடியில் கற்றையும் இல்லை, சுருளும் இல்லை. இருந்தும் பல டிவிகள் வருகிற படத்தைச் சில சதவீதம் பெருக்கி ஓரத்தை வெட்டுகின்றன. பழைய வீடியோ கேசட்டின் அடி ஓரத்தில் வரும் கோணல் வரிகளை மறைக்க அது உதவும், ஒப்புக்கொள்கிறேன். மற்றபடி இது வெறும் சம்பிரதாயம்.

சரி, தீர்வு. டிவியின் பட அமைப்புகளில் 'ஜஸ்ட் ஸ்கேன்', 'ஸ்கிரீன் ஃபிட்', 'ஃபுல் பிக்சல்', 'டாட் பை டாட்' என்று ஏதாவது ஒரு பெயரில் இருக்கும், அதைப் போடுங்கள். பெரும்பாலும் எச்டிஎம்ஐ வழியாக வந்தால்தான் அந்த வசதி கிடைக்கும். அது இல்லாத டிவி என்றால் தட்டைத்தான் மாற்ற வேண்டும். டிவிடியின் 720x576 பிக்சல் சட்டத்துக்குள், தொகுக்கும் மென்பொருளில் படத்தை 656x528 ஆகச் சுருக்கி, சுற்றிலும் கறுப்பு விடுங்கள். டிவி அந்தக் கறுப்பை வெட்டிக்கொள்ளட்டும்.

உயரத்தைச் சுருக்கும்போது மட்டும் ஜாக்கிரதை. பழைய கேம்கார்டர்கள் ஒற்றை வரிகளையும் இரட்டை வரிகளையும் 1/50 வினாடி இடைவெளியில் பதிவு செய்தவை. அப்படியே சுருக்கினால் இரண்டு கணங்களும் கலந்து, அட்சதை போடும் கைகள் வரிவரியாகக் கிழிந்து தெரியும். முதலில் டீஇன்டர்லேஸ் செய்துவிட்டு, அதாவது அந்த இரண்டு கணங்களின் வரிகளைப் பிரித்து முழுப் படங்களாக்கிவிட்டு, அப்புறம் சுருக்குங்கள். அழித்து எழுதக்கூடிய ஆர்டபிள்யூ தட்டில் ஒன்று போட்டுப் பார்த்து, சித்தப்பா திரும்பி வந்துவிட்டாரா என்று உறுதி செய்துகொண்டு, சொந்தக்காரர்களுக்குப் பிரதி எடுங்கள்.