வாடகை வீட்டு பாத்ரூமை உடைக்கும் முன்

"28-ஆம் தேதி காலி பண்றாங்க, ஒண்ணாம் தேதி புது ஆள் வர்றாங்க, நடுவுல பாத்ரூமை மட்டும் புதுசாக்கித் தந்திருங்க." தமிழ்நாடு-கேரள எல்லையில், களியக்காவிளை, பாறசாலை பக்கம் வாடகை வீட்டு வேலை எடுக்கும் எனக்கு மாசம் ஒரு போனாவது இப்படி வந்துவிடும். முடியாது என்றுதான் சொல்வேன். டைல்ஸ் மட்டும் ஒட்டித் தர அந்த நாலு நாள் போதும். ஆனால் ஓனருக்குத் தலைவலி கொடுப்பது டைல்ஸ் கிடையாது, அதற்கு அடியில் போகும் தண்ணீர்.

மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு வீடு. பாத்ரூமுக்குப் பின்னால் இருக்கும் படுக்கையறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறி, பெயிண்ட் பொரிந்து, வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. குடியிருந்தவங்க வாளி வாளியாக ஊற்றித் தண்ணீரைத் தெறிக்கவிட்டார்கள் என்று ஓனருக்குக் கோபம். அட்வான்ஸில் பிடித்தம் பண்ணப் போவதாகப் பேச்சு. குடியிருந்த அக்கா என்னிடம், "அண்ணா, குளிக்கிற இடத்துல தண்ணி ஊத்தாம வேற எங்க ஊத்துறது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதானே.

ஒரு ரூபாய்க் காசை எடுத்துத் தரை டைல்ஸை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். கதவுப் பக்கம் கெட்டியான சத்தம். தரைத் தண்ணீர் வெளியே போகும் ஓட்டையில் வைக்கும் நாணி ட்ராப்பை நெருங்க நெருங்க, அடியில் காலியாக இருக்கிற மாதிரி பொக்குச் சத்தம். நாலு டைல்ஸைப் பெயர்த்தால் கீழே மண்ணும் கலவையும் சேறு மாதிரி ஈரமாகக் கிடக்கிறது, ட்ராப்பைச் சுற்றி விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. வீடு கட்டும்போது வைத்த ட்ராப், அடைப்பு எடுக்கக் கம்பி விட்டு விட்டு ஆடிப்போயிருக்கிறது. குளிக்கிற தண்ணீரில் ஒரு பங்கு பைப்புக்குள் போகாமல் நேராகச் செங்கல் சுவரைத்தான் நனைத்திருக்கிறது. இங்கே இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவ மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. சுவர் காய்வதற்கு எங்கே நேரம்?

டைல்ஸும் நடுவில் அப்பும் ஒயிட் சிமெண்டும் தண்ணீரைத் தடுத்துவிடும் என்று நிறைய பேர் நம்புகிறார்கள். தடுக்காது. தடுக்க வேண்டியது டைல்ஸுக்கு அடியில் பூசும் வாட்டர் ப்ரூஃப் பூச்சு. பழைய டைல்ஸோடு பழைய கலவையையும் கொத்தி எடுத்து, சுத்தம் செய்து, ஒரு கோட் அடித்துக் காயவிட்டு, அடுத்த கோட்டைக் குறுக்கே அடிக்கணும். சுவரில் ஒரு அடியாவது ஏறணும், ஷவர் பக்கம் ஆறடி. மூலையிலும் ட்ராப்பைச் சுற்றியும் வலைத்துணி வைத்துப் பூசணும், பெரும்பாலும் விட்டுப்போவது அங்கேதான்.

அப்புறம், டைல்ஸ் ஒட்டும் முன் ட்ராப்பின் வாயை அடைத்துவிட்டு ரெண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, சுவரில் பென்சிலால் கோடு போட்டு, 48 மணி நேரம் அப்படியே விடுங்கள். கூடவே ஒரு பேசினில் தண்ணீர் ஊற்றி அதிலும் கோடு போட்டு உள்ளேயே வையுங்கள். ஆவியாகிக் குறைவது ரெண்டிலும் ஒரே மாதிரிதான் குறையும். தரைத் தண்ணீர் மட்டும் கூடுதலாக இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. "ரெண்டு நாள் சும்மாவா?" என்று கொத்தனாரே முணுமுணுப்பார், காதில் வாங்காதீர்கள்.

பழைய டைல்ஸ் மேலேயே புதுசை ஒட்டிவிடலாமா என்று கேட்பார்கள். ஒட்டலாம், பசை இருக்கிறது. ஆனால் பொக்கு விழுந்த தரையில் ஒட்டினால் வியாதியை மூடி வைத்த மாதிரி. தரை உயர்ந்து வாசல்படி தாழ்ந்துவிடும், கதவை அடியில் அறுக்கணும், தண்ணீர் ரூமுக்குள் வரும். ஸ்லோப் அஞ்சு அடிக்கு முக்கால் அங்குலமாவது இருக்கட்டும்.

சுவர் திறந்திருக்கும்போதே பழைய ஜி.ஐ. இரும்புப் பைப்பையும் மாற்றிவிடுங்கள், சுடுதண்ணிக்கு அதைத் தாங்கும் சி.பி.வி.சி. பிளாஸ்டிக் பைப். கீசர் இருந்தால் கரண்ட் கசிந்தால் தானே துண்டித்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்சும் சரியான எர்த்தும் இல்லாமல் யாருக்கும் சாவி கொடுக்காதீர்கள்.

குடியிருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கறை போகணும் என்று வாராவாரம் ஆசிட் ஊற்றினால் டைல்ஸுக்கு நடுவில் இருக்கும் சிமெண்ட் அரித்துப்போகும். ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்த்துவிடாதீர்கள், கிளம்புவது குளோரின் வாயு, அந்தச் சின்ன அறையில் உயிருக்கே ஆபத்து. தண்ணீர் மீட்டர் சும்மா ஓடுகிறதா? ஃப்ளஷ் டேங்கில் நாலு சொட்டு நீலம் விட்டு அரைமணி நேரம் தொடாமல் இருங்கள். கோப்பையில் நீலம் வந்தால் டேங்கின் ரப்பர் போயிருக்கிறது.

யார் செலவு என்ற சண்டைக்கு, தமிழ்நாட்டுப் பக்கம் 2017-ஆம் வருஷத்து வாடகைச் சட்டத்திலேயே பட்டியல் உண்டு. பைப் மாற்றுவது ஓனர் பொறுப்பு, குழாய் வாஷர் மாற்றுவதும் அடைப்பு எடுப்பதும் குடியிருப்பவர் பொறுப்பு. கேரளாவில் 1965-ஆம் வருஷத்துச் சட்டம், அது வேறு. ரெண்டு பக்கமும் வீடு வைத்திருக்கிறவர்கள் ஒரே ஒப்பந்தத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கையெழுத்து வாங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

அந்த மார்த்தாண்டம் ஓனரைக் கூப்பிட்டு, பெயர்த்த குழிக்குள் டார்ச் அடித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அட்வான்ஸை முழுசாகக் கொடுத்துவிட்டு, புது ஆளை அடுத்த மாசம் வரச் சொல்லிவிட்டார்.