மனோதத்துவம் வேண்டாம், உளவியல் போதும்

போன வாரம் ஒரு கல்யாணப் பந்தி. உளவியலில் பி.எஸ்ஸி. சேர்ந்திருக்கும் என் அக்கா மகளைப் பார்த்துப் பெரியவர் ஒருவர் கேட்டார்: "மனோதத்துவமா படிக்கிறே? அப்போ நான் என்ன நினைக்கிறேன்னு சொல்லு பார்ப்போம்." அவள் சிரித்துச் சமாளித்தாள். எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. பெரியவர்மீது குற்றமில்லை. பத்திரிகையும் தொலைக்காட்சியும் அவர் காதில் போட்டுவைத்த சொல் அது.

கிரேக்கத்தில் 'சைக்கி' என்றால் மூச்சு, உயிர், ஆன்மா; 'லோகோஸ்' என்றால் பேச்சு, விளக்கம். இரண்டையும் ஒட்டி 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய அறிஞர்கள் லத்தீனில் ஆக்கிக்கொண்ட சொல்தான் சைக்காலஜி. அன்று அது தத்துவத்தின் ஒரு கிளை. அந்தக் காலத்திலேயே யாராவது மனோதத்துவம் என்று பெயர்த்திருந்தால் நான் வாயே திறக்க மாட்டேன்.

ஆனால் 1879-இல் வில்ஹெல்ம் வுண்ட் என்ற ஜெர்மானியர் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் உளவியலுக்கென்றே ஆய்வுக்கூடம் அமைத்தார். 1885-இல் எபிங்ஹாஸ் என்ற இன்னொரு ஜெர்மானியர், பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறந்துபோகிறது என்று அளந்து வெளியிட்டார். 1916-இல் கல்கத்தா பல்கலைக்கழகத்திலேயே உளவியலுக்குத் தனித்துறை வந்துவிட்டது. பிள்ளை தனிக்குடித்தனம் போய் நூறு வருடத்துக்கு மேலாகிறது. நாம் இன்னும் அப்பா வீட்டு முகவரிக்கே கடிதம் போடுகிறோம்.

'தத்துவம் என்றால் உண்மை, அடிப்படை என்றும் பொருள் உண்டே' என்பார்கள். உண்டு. ஆனால் தமிழில் அந்தச் சொல் ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. சைவ சித்தாந்தத்தில் தத்துவங்கள், அதாவது அடிப்படைக் கூறுகள், 36. மனமே அவற்றில் ஒன்று. அங்கே மனம் ஒரு தத்துவம் என்றால் பொருள் துல்லியமானது. அதே சொல்லை ஆய்வுக்கூடத்துக்கும் இழுத்தால் இரண்டு பக்கமும் குழப்பம்தான்.

தத்துவவாதி தர்க்கத்தால் வாதிடுவார். உளவியலாளர் தன் கருத்து தவறாக இருந்தால் அது வெளிப்பட்டுவிடும்படி ஒரு சோதனை வைத்தாக வேண்டும். பெர்லினில் ஹான்ஸ் என்றொரு குதிரை கணக்குப் போட்டு, விடையைக் குளம்பால் தட்டிச் சொன்னது. ஏமாற்று எதுவும் இல்லை என்று 1904-இல் ஒரு குழுவே சொன்னது. பிறகு ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியல் ஆய்வாளர், விடை தெரியாத ஆளைக் கேள்வி கேட்க வைத்தார். குதிரை தடுமாறியது. கேட்பவர் தன்னை அறியாமல் செய்யும் சிறு அசைவைப் பார்த்துத்தான் அது தட்டுவதை நிறுத்தியிருக்கிறது. இதற்குப் பெயர் தத்துவமா?

சரி, 'உளவியல் என்றால் உளவு பார்ப்பது போல இருக்கிறதே' என்று ஒரு குறை. உளம் + இயல், மகரம் கெட்டு, வகர உடம்படுமெய் வந்து உளவியல். நிலம் + இயல் நிலவியல் ஆனதும் இதே வழிதான். நிலவியல் நிலாவைப் பற்றியது என்று யாரும் நினைப்பதில்லையே! மனவியல் என்றாலும் எனக்குச் சம்மதம். மனம், உள்ளம் இரண்டையும் வள்ளுவரே எடுத்தாண்டிருக்கிறார். என் சண்டை தத்துவம் என்ற ஒட்டோடு மட்டும்தான்.

இன்னொரு கொடுமை, மருத்துவப் படிப்பு முடித்து மருந்து எழுதும் மனநல மருத்துவரையும் 'மனோதத்துவ நிபுணர்' என்றே போடுவது. இரண்டு வேறு படிப்பு, இரண்டு வேறு வேலை. யாரிடம் போவது என்று தவிக்கும் குடும்பத்துக்கு இந்தக் குழப்பம் சின்ன விஷயமில்லை.

அப்புறம் இந்தச் செய்தி மொழிபெயர்ப்பாளர்கள். சோதித்துப் பார்க்க முன்வைக்கும் ஹைப்பாதிஸிஸையும், பல சோதனைகளைத் தாங்கி நிற்கும் தியரியையும் ஒரே 'கோட்பாடு' ஆக்கிவிடுகிறார்கள். முன்னதற்குக் கருதுகோள் என்ற அருமையான சொல் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. ஒரே ஒரு ஆய்வு வந்தாலும் 'நிரூபித்துவிட்டார்கள்' என்று தலைப்பு. 2015-இல் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது, ஏறத்தாழ 36 விழுக்காட்டில்தான் புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்க முடிவு மறுபடி கிடைத்தது. இதைக் காட்டி 'அப்போ அது அறிவியலே இல்லை' என்கிறார்கள். எனக்கு நேர்மாறாகப் படுகிறது. தன் முடிவுகளைத் தானே திரும்பச் சோதித்து, தேறாததை ஊரறியச் சொன்ன துறை அது. அப்படிப்பட்ட ஆய்வைப் பற்றி எழுதும்போது 'நிரூபித்தார்கள்' வேண்டாம். 'இந்த ஆய்வில் இப்படித் தெரியவந்தது' என்று எழுதுங்கள்.