டிக்கெட்டுக்குப் பின்னால் காத்திருப்பவர் யார்?

ஆஸ்திரேலியாவின் அட்லாசியன் நிறுவனம் 2002-இல் ஜிராவை வெளியிட்டது. மென்பொருள் பிழைகளைப் பதிந்து தீர்ப்பதற்கான கருவியாகத் தொடங்கி, குழுவின் வேலைகளைத் திட்டமிடும் திட்டப்பணி மென்பொருளாக வளர்ந்தது அது. அதே நிறுவனம் 2013-இல், பிறர் அனுப்பும் கோரிக்கைகளையும் புகார்களையும் கையாள, ஜிரா சர்வீஸ் டெஸ்க் என்ற இன்னொன்றையும் கொண்டுவந்தது. இரண்டிலும் டிக்கெட் (ஒரு வேலை அல்லது கோரிக்கையின் பதிவு) உண்டு, நிலை உண்டு, பொறுப்பாளர் உண்டு. பிறகு எதற்கு இரண்டு?

திட்டப்பணி மென்பொருளில் வேலையை வரிசைப்படுத்துவது குழு. எது முடிந்தால் எதைத் தொடங்கலாம், அடுத்த இரண்டு வாரங்களுக்கு எவ்வளவு ஏற்கலாம் என்பதுதான் அங்கே கேள்வி. சர்வீஸ் டெஸ்கிலோ வேலை வெளியிலிருந்து, சொல்லாமல் வருகிறது, அனுப்பியவர் காத்திருக்கிறார். டிக்கெட் பதிவானதும் ஒரு கடிகாரம் ஓடத் தொடங்கும். அவரிடம் விளக்கம் கேட்டால் நிற்கும். பதில் வந்ததும் மீண்டும் ஓடும். வாக்களித்த நேரம் நெருங்கினால் மேலாளருக்கு எச்சரிக்கை போகும். இப்படித்தான் பெரும்பாலும் அமைப்பார்கள்.

இந்தக் காத்திருப்புக்கு ஒரு கணக்கு இருக்கிறது. கோபன்ஹேகன் தொலைபேசி அழைப்புகளை ஆராய்ந்த டென்மார்க் கணிதவியலாளர் எர்லாங், 1909-இல் அதற்கு அடித்தளமிட்டார். ஒரே ஊழியர், ஒழுங்கின்றி வரும் டிக்கெட்டுகள், ஒவ்வொன்றுக்கும் கூடியும் குறைந்தும் சராசரியாக 30 நிமிட வேலை என்று கொள்வோம். அவருடைய நேரத்தில் 80 விழுக்காடு நிரம்பியிருந்தால், புதிய டிக்கெட் சராசரியாக 2 மணி நேரம் காத்திருக்கும். 90 விழுக்காட்டில் நான்கரை மணி நேரம். 95-இல் ஒன்பதரை! எளிய வரிசை மாதிரி தரும் விடை இது. சேவைக் குழுவின் ஓய்வு நேரத்தை வீண் என்று நினைத்து நிரப்பும் மேலாளர்கள் இதை ஒருமுறையாவது போட்டுப் பார்க்க வேண்டும்.

நான் இருந்த ஒரு குழுவில் எல்லாவற்றையும் திட்டப்பணிப் பலகையிலேயே, அதாவது அந்த மென்பொருளின் வேலைப் பட்டியலிலேயே, போட்டோம். கடவுச்சொல் மறந்த ஒருவருடைய கோரிக்கை, மூன்று மாத வேலை ஒன்றுக்குக் கீழே நாள்கணக்கில் கிடந்தது. பலகையில் கடிகாரம் இல்லாததால் யாருக்கும் உறைக்கவில்லை.

கருவி வாங்கும் முன் போன மாதத்து வேலைகளை எண்ணிப் பாருங்கள். பாதிக்கு மேல் பிறர் கேட்டு வந்தவை என்றால் சர்வீஸ் டெஸ்க்தான். சென்னையில் 2010-இல் பிறந்த ஃபிரெஷ்டெஸ்க் போன்றவை அதற்கென்றே உருவானவை. இருவகை வேலைகளும் கலந்திருந்தால் இரண்டு கருவிகளையும் இணைப்பதே சரி என்பேன். ஒரே கோளாறைப் பற்றிப் பத்துப் பேர் எழுதினால் பத்து டிக்கெட்டுகளும் திட்டப்பணிப் பலகையின் ஒரே பிழைப் பதிவோடு கட்டப்படும். அது தீர்ந்த அன்று பத்துப் பேருக்கும் பதில் போய்விடும்.