நுண்பாசி

சிங்கப்பூர்த் தமிழ் முஸ்லிம் வீடுகளில் ‘கடற்பாசி’ என்றால், நோன்பு துறக்கும் நேரத்தில் துண்டு துண்டாக வெட்டி வைக்கும் இனிப்பு. ‘ஆல்கா’ என்ற லத்தீன் சொல்லுக்கும் முதலில் கடற்பாசி என்றுதான் பொருள். பிறகு தாவரவியலார் அதைக் குளத்துப் பச்சைக்கும் நீட்டிவிட்டார்கள். அவற்றுள் பெரும்பாலும் ஒற்றைச் செல்லாக, நுண்ணோக்கியில்தான் தெரியும் வகைகளே நுண்பாசி.

தமிழ்நாட்டுப் பாடநூல் பாசி என்கிறது. இலங்கைப் பாடநூல் அல்கா என்கிறது. இரண்டையும் படித்தவர்கள் அடுத்தடுத்த வீட்டில் வாழும் இந்த ஊரில் நான் பாசியின் பக்கம். பச்சை, பசுமை, பசலை, பாசி எல்லாம் ஒரே வேரில் பிறந்தவை. குறுந்தொகை 399-இல் பரணர் அந்த உறவைக் காட்டுகிறார்: காதலர் தொடத் தொட விலகி, விட விடப் பெண்ணின் மேனியில் பரவும் பசலை நிறம், ஊரார் நீருண்ணும் கேணியின் பாசி போன்றதாம். குடம் விலக்கிய பச்சை மறுபடி வந்து மூடுவதை நின்று பார்த்தவருக்குத்தான் இது தோன்றும். குளோரெல்லா என்ற பேர்பெற்ற நுண்பாசியின் பெயரும் கிரேக்கத்துப் பச்சையோடு சிறுமை விகுதி சேர்ந்ததே.

மூடிப் படரும் அந்த வேகத்தைத்தான் கால்நடைக் கழிவுநீரில் வேலைக்கு வைக்கப் பார்க்கிறார்கள். சாணமும் மூத்திரமும் கலந்த நீரில் நைட்ரஜனும் பாஸ்பரஸும், உழவர் மொழியில் தழைச்சத்தும் மணிச்சத்தும், ஏராளம். அப்படியே ஊற்றினால் அமோனியா பாசியைக் கொல்லும், நீரின் கறுப்பு வெயிலை மறைக்கும்; தண்ணீர் கலந்து நீர்க்கவைத்துத்தான் ஊற்ற வேண்டும். பாசி சத்தை உண்டு நீரைத் தெளிவிக்கும். அதன் கொழுப்பைப் பிரித்து மெத்தனால் என்ற ஆல்கஹாலுடன் வினைபுரியச் செய்தால் டீசலுக்கு மாற்றான எரிபொருள். ஆனால் தழைச்சத்துக்குப் பட்டினி கிடந்தால்தான் பல பாசிகள் கொழுப்பைச் சேர்த்துவைக்கும். இங்கோ அவற்றுக்கு விருந்து! குளத்தில் லிட்டருக்கு ஒரு கிராம்கூடத் தேறாத பாசியை வடித்தெடுக்கும் செலவு வேறு.

இந்த ஊருக்கும் இது புதிதல்ல. பொங்கோலில் அடுக்குமாடிகள் எழுவதற்கு முன் பன்றிப் பண்ணைகள் இருந்தன. 1980களில் சிங்கப்பூரில் பன்றிக் கழிவுநீரில் பாசி வளர்த்துப் பார்த்தார்கள், எரிபொருளுக்காக அல்ல, தீவனத்துக்காக. 1990 வாக்கில் பண்ணைகளே போய்விட்டன.

இப்படி உயிரினங்களிலிருந்து எடுக்கும் எரிபொருளின் பெயரிலும் ஓர் எழுத்துச் சிக்கல் உண்டு. ‘உயிரி எரிபொருள்’ என்பதே சரி. இகரத்தை விட்டு ‘உயிர் எரிபொருள்’ என்று எழுதினால் உயிரையே கொளுத்துவதுபோல் ஒலிக்கிறது. நுண்பாசியிலிருந்து வருவதை மட்டும் சொல்ல வேண்டுமானால் ‘பாசி டீசல்’ போதும்.