நாகோன்: ஆயத்தமா, உறுதியா?

"என் இருதயம் ஆயத்தமாயிருக்கிறது, தேவனே, என் இருதயம் ஆயத்தமாயிருக்கிறது." சங்கீதம் 57:7. ஜெபக்கூட்டங்களில் எத்தனையோ தடவை கேட்ட வசனம்தான், ஆனால் எதற்கு ஆயத்தம் என்பது எனக்கு வெகுநாள் பிடிபடவில்லை. தாவீது சவுலுக்குத் தப்பிக் குகைக்குள் ஓடியபோது பாடியது என்று சங்கீதத்தின் தலைப்பே சொல்கிறது. உயிருக்குப் பயந்து இருட்டில் ஒளிந்திருக்கிற ஆள் எதற்கு ரெடியாக இருக்கிறேன் என்கிறான்?

எபிரேயத்தில் அங்கே இருக்கும் சொல் நாகோன். இதன் வேர் க்-வ்-ன் என்ற மூன்று மெய்கள். அகராதிகளில் கூன் என்ற தலைப்பின் கீழ் வரும் (நம் காதுக்கு இது முதுகு வளைந்த கூனாகக் கேட்கிறது, பொருளோ நேர் எதிர்: நிமிர்ந்து, அசையாமல் நிற்பது). சிம்சோன் கடைசியில் தடவிப் பார்த்த தூண்கள் இருக்கின்றனவே, அந்த வீடு அவற்றின்மேல் 'நாகோன்' ஆக நின்றது என்கிறது நியாயாதிபதிகள் 16:26. சாலொமோன் ஆலய வாசலில் நிறுத்திய இரண்டு தூண்களில் ஒன்றின் பெயர் யாகீன், 'அவர் நிலைநிறுத்துவார்'. அதுவும் இதே வேர்தான்.

ஆக முதல் பொருள் உறுதியாக ஊன்றி நிற்பது. தயார் என்பது அதிலிருந்து கிளைத்தது: ஒரு பொருளை அதன் இடத்தில் சரியாக நிறுத்திவிட்டால் அது பயன்பாட்டுக்குத் தயார். சீனாய் மலையடியில் மூன்றாம் நாளுக்கு ஆயத்தமாக இருங்கள் என்று மக்களுக்குச் சொல்லப்படுவதும், யோசேப்பு தன் வீட்டு விசாரிப்புக்காரனிடம் விருந்துக்கு ஆயத்தம் பண்ணச் சொல்வதும் இந்த வேர்ச்சொல்லால்தான். இன்றைக்கு இஸ்ரேலில் நாகோன் என்றால் 'சரிதான்' என்று அர்த்தம், பேச்சுக்குப் பேச்சு வரும். தயார் என்பதற்கு அதே வேரில் பிறந்த மூகான்.

இந்த வேரின் சொந்தக்காரர்கள் வேறு வீடுகளிலும் இருக்கிறார்கள். பண்டைய மெசொப்பொத்தேமியாவின் அக்காத் அரசன் சர்கோனின் பெயர் ஷர்ரு-கீன், நிலைபெற்ற, முறையான அரசன். அரபியில் இதே வேர் 'இருத்தல்' என்றே ஆகிவிட்டது. குர்ஆனின் 'குன் ஃபயகூன்' என்பதில் வரும் குன், 'ஆகுக' என்பது, இதுதான்.

சரி, தமிழுக்கு ஆயத்தம் எப்படி வந்தது? எபிரேய வேதத்தின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தை உருவாக்கியவர்கள் இந்த வேரைக் கண்டால் பெரும்பாலும் 'தயார்' பொருளையே கொடுத்தார்கள். எந்த அளவுக்கு என்றால், சங்கீதம் 89:14-இல் சிங்காசனத்தின் 'ஆதாரம்' என்று தமிழில் சரியாக இருக்கும் இடத்தையே அவர்கள் சிங்காசனத்தின் 'ஹெத்தோய்மாசியா', அதாவது ஆயத்தம், என்று எழுதிவிட்டார்கள். பைசாந்தியக் கலையில் யாரும் உட்காராத ஒரு சிங்காசனத்தை வரைவார்களே, அந்த ஓவியத்துக்குப் பெயரே ஹெத்தோய்மாசியாதான்! சங்கீதம் 57-இல் லத்தீனும் லூத்தரின் ஜெர்மனும் இந்தப் பக்கமே நின்றன. 1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் ஆங்கில மொழிபெயர்ப்போ 'நிலையாக நிறுத்தப்பட்டது' என்ற பொருளுக்குப் போனது. வேடிக்கை என்னவென்றால், நம் தமிழ் வேதாகமமே சங்கீதம் 51:10-இல் இதே நாகோனை 'நிலைவரமான ஆவி' என்று அழகாகப் பெயர்த்திருக்கிறது.

ஆயத்தம் வடமொழியிலிருந்து வந்த சொல். தயார் பாரசீகம், உருது வழியாக வந்த அரபிச் சொல், அரபியில் அது பறப்பதைக் குறிக்கும். வேட்டைப் பருந்து பறக்க அணியமாக இருப்பதிலிருந்து வந்தது என்பார்கள். அணியம் என்பது தனித்தமிழ் எழுதுகிறவர்கள் தயாருக்குப் பதில் போடும் சொல், நல்ல சொல்தான். ஆனால் நாகோனுக்கு இது எதுவும் பொருந்தவில்லை என்பேன். தயாரில் ஒரு சிறகடிப்பு இருக்கிறது, நாகோனில் இருப்பதோ தரையில் பதிந்த கால்.

முழுச் சங்கதியும் முந்தின வசனத்தில் இருக்கிறது. எதிரிகள் என் கால்களுக்குக் கண்ணி 'வைத்தார்கள்' என்று வருகிறதே, எபிரேயத்தில் அந்த வினைச்சொல் ஹேகீனு, அதே க்-வ்-ன். அடுத்து, என் உயிர் குனிந்துபோனது என்கிறார். அதற்குப் பிறகுதான், மூச்சு வாங்கிக்கொண்டு, நாகோன், என் இருதயம் நாகோன், இரண்டு தடவை. கண்ணியை நாட்டினார்கள், நான் வளைந்துபோனேன், இப்போது என் நெஞ்சு நிமிர்ந்து நாட்டப்பட்டிருக்கிறது. எதிரியின் வினைச்சொல்லையே பிடுங்கித் தன் நெஞ்சுக்குப் போட்டுக்கொள்கிறார்.

இதைப் பார்த்த பிறகு 'நிலையானது' என்று மாற்றினாலும் போதாது என்று தோன்றுகிறது, ஏனென்றால் கண்ணியோடு உள்ள தொடர்பு அறுந்துவிடும். ஆயத்தம் என்று இரண்டு இடத்திலும் போட்டால் தொடர்பு நிற்கும், நிமிர்வு போய்விடும். இரண்டையும் தாங்குகிற ஒரு தமிழ் வினை 'ஊன்று' என்று நினைக்கிறேன்: "என் காலடிக்குக் கண்ணி ஊன்றினார்கள், என் உயிர் கூனிப்போனது; என் நெஞ்சம் ஊன்றி நிற்கிறது, தேவனே, என் நெஞ்சம் ஊன்றி நிற்கிறது." ஆமோஸ் 4:12-இல் "உன் தேவனைச் சந்திக்கும்படி ஆயத்தப்படு" என்பதை மட்டும் தொட மாட்டேன். அங்கே ஆயத்தம்தான் சரி.