கீமோவுக்குப் பிறகு வரும் காய்ச்சல்

இரவு பதினொரு மணியிருக்கும். கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு அம்மாவை எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓட்டோவில் கொண்டுவந்தார்கள். இரண்டு நாளாகக் காய்ச்சல். "டெங்குவா இருக்கும்னு பனடோல் குடுத்துக்கிட்டு இருந்தோம் டொக்டர்" என்றார் மகள். இரத்த அழுத்தம் நன்றாக இறங்கியிருந்தது. சேலைன் ஏற்றிக்கொண்டே விசாரித்தபோதுதான், மார்புப் புற்றுநோய்க்குப் பத்து நாளுக்கு முன் கீமோ ஏற்றியது தெரிந்தது. சிகிச்சை விவரம் எழுதிய கிளினிக் கொப்பி வீட்டு அலுமாரியில்.

மகளைக் குறை சொல்ல முடியாது. பனடோல் கொடுங்கள், நீராகாரம் கொடுங்கள், மூன்றாம் நாள் இரத்தம் பாருங்கள் என்று கொழும்பு மக்களைப் பழக்கியவர்கள் நாங்கள்தானே. ஆனால் கீமோ எடுப்பவருக்கு அந்தக் கணக்கு சரிவராது. மருந்து ஏற்றி 7 முதல் 14 நாட்களுக்குள், கிருமியோடு போராடும் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்துவிடும். கிருமி புகுந்தாலும் சீழ் வைக்காது, சளி கட்டாது; பல நேரம் காய்ச்சல் மட்டும்தான் அடையாளம். ஒருமுறை 38.3 பாகை செல்சியஸ் காட்டினாலோ, 38 பாகையில் ஒரு மணிநேரம் நின்றாலோ உடனே புறப்படுங்கள். வந்து 60 நிமிடத்துக்குள் நாளத்தில் அன்டிபயோடிக் ஏறவேண்டும் என்பது எங்கள் இலக்கு. வெப்பமானி வைத்துப் பார்க்காமல் பனடோல் கொடுத்தால் காய்ச்சல் மறைந்துவிடும், உள்ளே கிருமி வேலையைத் தொடரும்.

புற்றுநோயாளரிடம் காய்ச்சலுக்கு அடுத்து அதிகம் பார்ப்பது வலி. மோர்பின் என்றாலே கடைசிக் காலம் என்று பயந்து, கொடுத்த மாத்திரையைத் தொடாமல் வைத்திருப்பார்கள். நள்ளிரவில் தாங்க முடியாமல் வருவார்கள். அதைப் பார்க்க மனம் கனக்கிறது; அந்த மாத்திரை வலிக்குத்தான், சாவுக்கு அல்ல. வாந்தி, மூச்சுத்திணறல், இரத்தப்போக்கு என்றும் வருகிறார்கள். முதுகுவலியோடு கால் தளர்ந்தாலோ சிறுநீர் போகாவிட்டாலோ அன்றைக்கே வாருங்கள். முள்ளந்தண்டு நரம்பு நசுங்கியிருக்கலாம். நடக்க முடிகிறபோதே சிகிச்சை தொடங்கினால்தான் நடையைக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம்.

மகரகம புற்றுநோய் மருத்துவமனையில்தான் கிளினிக் என்பதற்காக விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், கட்டணம் இல்லை. கிட்டிய அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கிளினிக் கொப்பியோடு வாருங்கள். வாசலில் முதல் பேச்சே கடைசியாகக் கீமோ ஏற்றிய தேதியாக இருக்கட்டும். சிங்களம் பேசத் தயங்குகிறவர்கள் கீமோ, உண (சிங்களத்தில் காய்ச்சல்) என்ற இரண்டு சொல்லைச் சொன்னாலே எங்கள் தாதியருக்கு விளங்கிவிடும்.