மஞ்சளைப் பார்த்ததும் யூரியாவா?

போன சம்பாவில் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் மண் சோதனைக்காக மண்ணோடு என்னிடம் வந்தார். மண்ணை எதில் கொண்டுவந்தார் தெரியுமா? காலி யூரியா சாக்கில். "நல்லா உதறிட்டுத்தான் தம்பி போட்டேன்" என்கிறார். உதறினாலும் தையல் மூலையில் நாலு குருணை ஒட்டியிருந்தால் போதும், தழைச்சத்து (நைட்ரஜன்) அளவு பொய்யாகிவிடும். அதுவும் நடவு முடிந்து இருபத்தைந்து நாளான வயலில், இரண்டு தரம் யூரியா வீசிய பிறகு எடுத்த மண். அதைச் சோதித்து நான் என்ன சொல்வது!

மண்ணை ஓரமாக வைத்துவிட்டு, பயிர் இருக்கிறதா என்று கேட்டேன். வண்டிப் பையிலிருந்து ஒரு கொத்து எடுத்துக் கொடுத்தார். குத்து வளராமல் குட்டையாக நிற்கிறது, அடி இலைகளில் துரு தெறித்தது போலப் பழுப்புப் புள்ளிகள், புது இலையின் அடிப்பக்கம் நடு நரம்பு வெளுத்திருக்கிறது. துத்தநாகப் பற்றாக்குறை, அதாவது ஜிங்க் குறைவு. தழைச்சத்து குறைந்தால் அடி இலை நுனியிலிருந்து சீராக மஞ்சளாகும், கந்தகமோ இரும்போ குறைந்தால் குருத்துப் பக்கம் முதலில் வெளுக்கும், சாம்பல் சத்து (பொட்டாஷ்) குறைவு என்றால் பழைய இலையின் நுனியும் ஓரமும் கருகும். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாமே "பயிர் மஞ்சளா இருக்கு"தான், அதனால்தான் எல்லாவற்றுக்கும் யூரியா வீசுகிறோம். 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கிறது, போட்ட நாலாம் நாள் பச்சை ஏறுகிறது, வேறென்ன வேண்டும்? அந்தப் பச்சைக்குப் பின்னாலேயே இலைச்சுருட்டுப் புழுவும் புகையான் பூச்சியும் வந்து, ஐப்பசி கார்த்திகை மழையில் பயிர் சாயும்போதுதான் கணக்கு உதைக்கும்.

"ஜிங்க் போட்டேனே" என்றார் அவர். எப்படிப் போட்டார் என்பதில்தான் விஷயமே இருந்தது. மணிச்சத்து (பாஸ்பரஸ்) உரமான டிஏபியையும் ஜிங்க் சல்பேட்டையும் ஒரே அன்னக்கூடையில் கலந்து வீசியிருக்கிறார். இரண்டும் சேர்ந்தால் துத்தநாக பாஸ்பேட்டாக மாறிவிடும், தண்ணீரில் கரையாது, வேர் எடுக்காது, போட்ட காசு சேற்றோடு போச்சு. ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை 20 கிலோ காய்ந்த மணலில் கலந்து, நடவுக்குச் சற்று முன் தனியாகத் தூவ வேண்டும். அவர் பயிருக்கு அப்போது கைத்தெளிப்பான்தான் வழி: பத்து லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் ஜிங்க் சல்பேட், 100 கிராம் யூரியா, பதினைந்து நாள் விட்டு இன்னொரு முறை.

மண் வள அட்டை 2015லிருந்து கொடுக்கிறார்கள். பலர் வீட்டில் அது ரேஷன் கார்டோடு டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. எடுத்துப் பாருங்கள், அதில் 12 அளவுகள் உண்டு, முதலில் அங்ககக் கரிமம் எவ்வளவு என்று பாருங்கள். 0.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் மண்ணில் மட்கு இல்லை, நீங்கள் கொட்டுகிற உரத்தைப் பிடித்து வைக்க ஆளில்லை என்று அர்த்தம். அடுத்தது மணிச்சத்து. ஹெக்டேருக்கு 22 கிலோவுக்கு மேல் இருந்தால் அது ஏற்கெனவே அதிகம், அதற்கு மேலும் வழக்கம் போல டிஏபி கொட்டுவது துத்தநாகத்தைத் தட்டிப் பறிக்கிற வேலை. சம்பாவுக்குப் பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்கு தழை, மணி, சாம்பல் சத்து முறையே 150:50:50 கிலோ. அதில் தழைச்சத்து மட்டும் ஏக்கருக்கு யூரியா கணக்கில் மூன்று மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு, அதையும் நான்கு தவணையாக. இலை வண்ண அட்டை வைத்துப் பார்த்துப் போட்டால் ஒரு தவணையை மிச்சம் பிடிக்கவும் முடியும், வெள்ளைப் பொன்னிக்கு அட்டையில் 3ஆம் எண் பச்சை, மற்ற ரகங்களுக்கு 4ஆம் எண், அதற்குக் கீழே இலை நிறம் இறங்கினால் மட்டும் உரம்.

என்னைக் கேட்டால் டெல்டா மண்ணின் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. வைக்கோலில். முன்பு வைக்கோல் வீட்டு மாட்டுக்குப் போய், சாணமாகி, குப்பைக்குழி வழியாக வயலுக்கே திரும்பி வந்தது. இப்போது அறுவடை இயந்திரம் போன கையோடு கட்டு கட்டுகிற இயந்திரம் இறங்குகிறது, லாரி ஏறி வெளியூர் போய்விடுகிறது. நெல் உறிஞ்சுகிற சாம்பல் சத்தில் பெரும்பகுதி வைக்கோலில்தான் நிற்கும். ஒரு டன் வைக்கோல் போனால் ஏறக்குறைய 15 கிலோ சாம்பல் சத்து, அதாவது அரை மூட்டை பொட்டாஷ் வயலை விட்டுப் போகிறது. விற்கக் கூடாது என்று சொல்லமாட்டேன், காசு தேவைப்படுகிறது. விற்றால் ஈடு கட்டுங்கள். மாசி பங்குனியில் ராமநாதபுரம் பக்கமிருந்து கீதாரிகள் ஆடு ஓட்டி வருவார்கள், நாலு ராத்திரி மந்தையை உங்கள் வயலில் அடைத்துக் கிடை போடச் சொல்லுங்கள், புழுக்கை எருவாகும். தண்ணீர் வசதி இருந்தால் பசுந்தாள் உரமாக ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதை தெளித்து, பூ எடுக்கும்போது, சுமார் 45 நாளில் மடக்கி உழுதுவிடலாம்.

அப்புறம், மண் எடுக்கும் விதம். அறுவடை முடிந்து வயல் காய்ந்தபின், வரப்பு, வாய்க்கால், மர நிழல், எருக் குவித்த இடம் எல்லாம் தவிர்த்து, பத்துப் பதினைந்து இடத்தில் 15 செ.மீ. ஆழத்துக்கு 'வி' வடிவில் வெட்டி, பக்கவாட்டு மண்ணைச் சுரண்டிக் கலந்து, நாலு பங்காக்கி எதிரெதிர்ப் பங்கைத் தள்ளித் தள்ளி அரை கிலோவுக்குக் கொண்டுவாருங்கள். துத்தநாகம், இரும்பு பார்க்க வேண்டுமென்றால் மண்வெட்டி இரும்பு பட்ட இடத்தை மரக்குச்சியால் வழித்துவிட்டு எடுக்க வேண்டும்.

பெரியவர் சித்திரையில் மறுபடி வந்தார். மண் இந்த முறை துவைத்த வேட்டித் துண்டில் முடிந்து, பெயர்ச்சீட்டோடு. ஒன்பது மா நிலத்துக்கும் சேர்த்து ஒரே மண் மாதிரிதானா என்று கேட்டேன், "மேட்டு வயலுக்குத் தனியா இன்னொரு முடிச்சு இருக்கு தம்பி" என்று மடியிலிருந்து எடுத்தார். வைக்கோல் என்னாச்சு என்றேன். "மெஷின்காரன் அட்வான்ஸ் கொடுத்துட்டான், போயிடுச்சு. ஆனா கெடைக்காரன்கிட்ட பேசிட்டேன்."